தெருப் படத்துக்குள் சாமி எப்படி வந்தது?

இன்னைக்கு நாம பேசப் போறது ஆறு பழைய புகைப்படங்களைப் பற்றி. 1838-லிருந்து 1917 வரை, ஏறக்குறைய எண்பது வருஷத்துக்குள் எடுக்கப்பட்டவை. பாரிஸில் இரண்டு, லண்டனில் இரண்டு, நியூயார்க்கில் ஒன்று, போர்ச்சுகலில் ஒன்று. ஆறும் இணையத்தில் தேடினால் கிடைக்கும். காதால் கேட்கிறவங்க, எழுத்தில் வாசிக்கிறவங்க, யாராக இருந்தாலும் ஒரு தடவை படங்களைப் பார்த்துட்டு வந்தால் நான் சொல்வது இன்னும் தெளிவாக இருக்கும்.

தனித்தனியாகப் பார்த்தால் இவை சாதாரணக் காட்சிகள்தான். ஒருவர் பூட்ஸுக்குப் பாலிஷ் போட்டுக்கொள்கிறார். ஒரு பெண் படிக்கட்டில் குழந்தையோடு உட்கார்ந்திருக்கிறார். ஒரு கூட்டம் வானத்தைப் பார்க்கிறது. இவ்வளவுதான். ஆனா இரண்டிரண்டாகப் பக்கத்தில் வைத்தால் வேறு ஏதோ தெரிய ஆரம்பிக்கிறது. காலடியில் குனிதல், மடியில் குழந்தை, அண்ணாந்த முகம். நம் எல்லோருக்கும் கோயிலிலும் தேவாலயத்திலும் பார்த்துப் பழகிய தோற்றங்கள். ஆறில் ஐந்து படங்கள் மதத்தைப் படம் பிடிக்க எடுக்கப்பட்டவையே இல்லை. அப்படியிருந்தும் மதம் தெரிகிறது.

அப்போ என் கேள்வி இதுதான்: அதை உள்ளே வைத்தது யார்? தெருவா? படம் எடுத்தவரா? தலைப்புக் கொடுத்தவரா? இல்லை, பார்க்கிற நாமா?

இது சும்மா ரசனை சம்பந்தப்பட்ட கேள்வி இல்லைங்க. பழைய படங்கள் இரண்டை ஒட்டி, கீழே ஒரு வரி எழுதி, "அந்தக் காலத்துல பார்த்தீங்களா" என்று அனுப்புவது இன்னைக்கு ஒவ்வொரு போனிலும் நடக்கிறது. அந்த ஒரு வரியில் ஒரு கூட்டத்துக்கு ஒரு மதமே ஏற்றப்பட்டுவிடும். படத்தில் இருக்கிறவங்க எழுந்து வந்து "நாங்க அங்கே நின்னது அதுக்காக இல்லை" என்று சொல்ல முடியாது. அவங்க சார்பாகக் கேட்க வேண்டியது நாமதான்.

படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் முறைக்கு ஒரு முன்னோடி உண்டு. ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்தில் அபி வார்பர்க் என்று ஒரு கலை வரலாற்றாளர் இருந்தார். வாழ்க்கையின் கடைசி வருஷங்களில், கறுப்புத் துணி போர்த்திய பெரிய பலகைகளில் படங்களைக் குத்திக் குத்தி வைத்துக்கொண்டே இருந்தார். பழங்காலச் சிற்பம், மறுமலர்ச்சி ஓவியம், பக்கத்திலேயே செய்தித்தாளில் வெட்டிய புகைப்படம், தபால் தலை, விளம்பரம். மனித உடல் துக்கத்தையும் வெறியையும் பணிவையும் காட்டும் சைகைகள் நூற்றாண்டுகள் தாண்டி எப்படிப் பயணம் செய்கின்றன என்பது அவருடைய தேடல். நினைவின் தேவதையான நெமோசினியின் பெயரை அந்தத் தொகுப்புக்கு வைத்தார். 1929-ல் அவர் இறந்தபோது வேலை முடியவில்லை. நாம செய்யப் போறதும் அதே மாதிரிதான், ரொம்பச் சின்ன அளவில். மூன்று ஜோடிகள்: பாதம், மடி, வானம்.

பாதம்

முதல் படம் 1838. பாரிஸின் பூல்வார் து தாம்ப்ல் என்ற அகலமான வீதி. எடுத்தவர் லூயி டாகேர். புகைப்படக் கலையைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவர். காலை நேரம், தன்னுடைய கட்டடத்தின் ஜன்னலிலிருந்து எடுத்திருக்கிறார்.

பார்த்தால் வீதி காலியாக இருக்கும். ஆனா நிஜத்தில் காலியாக இல்லை. நாடக அரங்குகள் நிறைந்த, குதிரை வண்டிகள் ஓடும் பரபரப்பான வீதி அது. அந்தக் காலத்து வெள்ளித் தகட்டில் ஒரு படம் பதிய பல நிமிடங்கள் ஆகும். நகர்ந்தது எதுவும் பதியவில்லை. ஒரு ஓரத்தில் ஒரு மனிதர் ஒரு காலைத் தூக்கி வைத்தபடி நிற்கிறார், அவர் காலடியில் இன்னொருவர் குனிந்து பூட்ஸைத் துடைக்கிறார். அந்த இருவர் மட்டும் அசையாமல் இருந்ததால் தகட்டில் தங்கிவிட்டார்கள். புகைப்படத்தில் பதிந்த முதல் மனிதர்கள் என்று வழக்கமாக இவர்களைத்தான் சொல்றாங்க.

தந்தி புகழ் சாமுவேல் மோர்ஸ் 1839 மார்ச்சில் பாரிஸில் டாகேரைச் சந்தித்து அவருடைய தகடுகளைப் பார்த்தார். காலியான வீதியையும், பூட்ஸ் துடைத்துக்கொள்ளும் அந்த ஒரு மனிதரையும் பற்றித் தன் தம்பிக்குக் கடிதம் எழுதினார். அது ஏப்ரலில் 'நியூயார்க் அப்சர்வர்' இதழில் அச்சானது. மோர்ஸின் தம்பிகள் நடத்திய கிறிஸ்தவ வார இதழ் அது. அமெரிக்க வாசகர்களுக்கு ஒரு தெருப் புகைப்படத்தின் வர்ணனை இப்படி ஒரு மதப் பத்திரிகை வழியாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது.

வீதியின் பெயரில் 'டெம்பிள்' இருக்கே, அங்கே ஏதாவது கோயில் இருந்ததா என்று கேட்கலாம். அது சிலுவைப் போர்க் காலத்து டெம்ப்ளர் வீரத்துறவிகளின் கோட்டையைக் குறிக்கும் பெயர். பிரெஞ்சுப் புரட்சியின்போது பதினாறாம் லூயி மன்னரைச் சிறை வைத்த இடம் அதுதான். நெப்போலியன் காலத்தில் கோட்டையை இடித்துவிட்டார்கள். டாகேர் படம் எடுத்தபோது மிச்சமிருந்தது பெயர் மட்டும்தான்.

இதற்குப் பக்கத்தில் 1877-ல் லண்டனில் எடுத்த ஒரு படத்தை வைப்போம். எடுத்தவர் ஸ்காட்லாந்துக்காரரான ஜான் தாம்சன். இவருக்கு நம் பக்கத்தோடு ஒரு தொடர்பு உண்டு. 1860-களில் பினாங்கில் ஸ்டூடியோ வைத்திருந்தபோது, சீனர்கள் கேமரா வேலையை ஏதோ பேய் வித்தை என்று பயந்து ஒதுங்கியதால், மதராஸிலிருந்து வந்த இரண்டு பேருக்கு அச்செடுக்கப் பயிற்சி கொடுத்து உதவியாளர்களாக வைத்துக்கொண்டதாக அவரே எழுதியிருக்கிறார். லண்டன் திரும்பிய பிறகு, அடால்ஃப் ஸ்மித் என்ற பத்திரிகையாளரோடு சேர்ந்து 'லண்டன் தெரு வாழ்க்கை' என்ற தொடரை மாத இதழாக வெளியிட்டார். ஒவ்வொரு படத்துக்கும் ஒரு கட்டுரை. அதில் ஒன்று, உதிரியாகத் தொழில் செய்யும் ஷூ பாலிஷ் பையனைப் பற்றியது.

இரண்டையும் சேர்த்துப் பாருங்க. ஒருவர் நிற்கிறார், ஒருவர் அவர் காலடியில் குனிந்திருக்கிறார். ஒரு கிறிஸ்தவருக்குப் பெரிய வியாழன் ஞாபகம் வரும். இயேசு சீடர்களின் காலைக் கழுவியதை நினைத்து, குருவானவர் பன்னிரண்டு பேரின் காலைக் கழுவும் சடங்கு. இங்கிலாந்தில் மன்னர்களே அன்றைக்கு ஏழைகளின் காலைக் கழுவிய வழக்கம் இருந்தது. பிறகு அது நின்று, காசு கொடுப்பது மட்டும் மிச்சமானது. நமக்கோ பாதபூஜை ஞாபகம் வரும். பெரிய புராணத்தில் பெண்ணாகடத்துக் கலிக்கம்ப நாயனார் ஞாபகம் வருவார். அடியார்களின் காலைக் கழுவுவது அவர் வழக்கம். ஒருநாள் வந்த அடியார், முன்பு அவர் வீட்டிலேயே வேலை பார்த்துப் போனவர். அவர் மனைவி தண்ணீர் வார்க்கத் தயங்கினார், நாயனார் அவர் கையையே வெட்டினார் என்று கதை. கொடூரமான கதைதான். ஆனா அதன் மையம் தெளிவானது: நேற்று வேலைக்காரனாக இருந்தவன் காலில் இன்று எஜமான் குனிய வேண்டும்.

இங்கேதான் கவனிக்கணும். பெரிய வியாழனிலும் சரி, கலிக்கம்பர் கதையிலும் சரி, குனிகிறவர் பெரியவர், நிற்கிறவர் சிறியவர். அந்தத் தலைகீழ்தான் சடங்கின் உயிர். நம்முடைய இரண்டு படங்களிலும் ஏழைதான் குனிகிறான், காசு உள்ளவர் நிற்கிறார். உடலின் தோற்றம் ஒன்றே, உறவு நேர் எதிர். தோற்றம் ஒத்துப்போகிறது என்பதற்காகப் படத்தில் பக்தி இருக்கிறது என்று சொன்னால், அந்தப் பையனின் பிழைப்பை நாம சடங்காக மாற்றிவிடுகிறோம்.

அப்போ லண்டன் படத்தில் மதமே இல்லையா என்றால், இருக்கு. வேறு இடத்தில். 1851-ல் லண்டனில் உலகக் கண்காட்சி நடந்தபோது, வெளியூர்க் கூட்டத்தை நம்பி ஷூ பாலிஷ் பையன்களின் படை ஒன்று அமைக்கப்பட்டது. அமைத்தவர்கள் ஏழைக் குழந்தைகளுக்கு இலவசப் படிப்பும் பைபிளும் சொல்லிக்கொடுத்த 'ராகெட் ஸ்கூல்' இயக்கத்தைச் சேர்ந்த கிறிஸ்தவர்கள். பையன்களுக்குச் சிவப்புச் சீருடை, நிற்க ஒதுக்கப்பட்ட இடம், வருமானத்தில் ஒரு பங்கு அவன் பெயரில் சேமிப்பு. நல்ல காரியம்தான். ஆனா அதன் மறுபக்கம், அந்தப் படையில் சேராத உதிரிப் பையன்களைப் போலீஸ் விரட்டியது. தாம்சனும் ஸ்மித்தும் அந்த உதிரிகளின் பக்கம் நின்று பேசுகிறார்கள். படத்தில் இருப்பவன் அந்தப் படைக்கு வெளியே இருப்பவன். நம் கண் மதத்தை அவனுடைய குனிந்த முதுகில் தேடுகிறது. வரலாற்றில் மதம் இருந்த இடமோ அவன் போட்டிருக்காத சிவப்புச் சட்டை. கட்டுரையையும் சேர்த்துப் படிச்சாத்தான் அது தெரியும்.

மடி

இரண்டாவது ஜோடியின் முதல் படமும் அதே தொடரில் வந்ததுதான். 'தி கிராலர்ஸ்', தமிழில் சொன்னால் தவழ்ந்து நகர்பவர்கள். லண்டனின் செயின்ட் ஜைல்ஸ் பகுதியில், ஏழைகள் விடுதி ஒன்றின் படிக்கட்டு. ஒரு பெண் சுவரில் சாய்ந்து, தலையில் துணி போர்த்தி, கண் சொருகி உட்கார்ந்திருக்கிறார். தோளோடு சேர்த்து ஒரு குழந்தை தூங்குகிறது.

அடுத்தது நியூயார்க் துறைமுகத்தின் எல்லிஸ் தீவு, 1905. எடுத்தவர் லூயிஸ் ஹைன். அமெரிக்காவுக்குக் கப்பலில் வந்து இறங்கியவர்களைச் சோதித்து உள்ளே அனுப்பும் இடம் அது. சரியாகச் சொன்னால் தெரு இல்லை, தெருவுக்குள் நுழைவதற்கு முந்தைய வாசல். படத்தில் இருப்பவர் இத்தாலியிலிருந்து வந்த ஒரு தாய், கையில் குழந்தை.

பக்கத்தில் வைத்த மாத்திரத்தில் யாருக்கும் தோன்றுவது மரியாளும் குழந்தை இயேசுவும். தலைத்துணி, சாய்ந்த கழுத்து, அணைத்த கை. வேளாங்கண்ணி மாதா படத்தைப் பார்த்தவங்களுக்கு அதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

ஹைன் விஷயத்தில் இது தற்செயல் இல்லை. படத்துக்கு 'எல்லிஸ் தீவு மடோனா' என்று பெயர். ஓவியர்கள் மாதாவை வரைந்த முறையை நன்றாகத் தெரிந்துகொண்டு, தெரிந்தே செய்த வேலை. ஏன் செய்தார் என்று பார்க்கணும். அவர் நியூயார்க்கின் எத்திக்கல் கல்ச்சர் பள்ளியில் ஆசிரியர். கடவுள் நம்பிக்கையை நிபந்தனையாக வைக்காமல் அறத்தை மட்டும் முன்வைத்த ஓர் இயக்கம் நடத்திய பள்ளி. அதன் தலைவராக இருந்த ஃபிராங்க் மேனிதான் ஹைனைக் கேமரா பக்கம் திருப்பியவர். 1620-ல் பிளிமத்தில் வந்து இறங்கிய முன்னோர்களை அமெரிக்கர்கள் எவ்வளவு மரியாதையோடு பார்க்கிறார்களோ, அதே மரியாதையோடு எல்லிஸ் தீவில் இன்று இறங்குகிறவர்களையும் மாணவர்கள் பார்க்க வேண்டும் என்பது மேனியின் எண்ணம். பிளிமத்தில் இறங்கியவர்களை 'யாத்ரிகர்கள்' என்றுதான் அந்த நாடு அழைக்கிறது. தங்கள் மத வழக்கப்படி வாழ இடம் தேடி வந்தவர்கள்.

இத்தாலியிலிருந்தும் கிழக்கு ஐரோப்பாவிலிருந்தும் வந்து இறங்கிய கத்தோலிக்கர்களையும் யூதர்களையும் அழுக்கர்கள், குற்றவாளிகள் என்று அமெரிக்காவில் பலர் பேசிக்கொண்டிருந்த காலம் அது. அப்படி வெறுக்கப்பட்ட ஒரு பெண்ணை, பார்க்கிறவன் வணங்கும் உருவத்திலேயே காட்டினார் ஹைன். இங்கே மதத்தை உள்ளே வைத்தது படம் எடுத்தவர். அதற்கு ஒரு காரணமும் இருந்தது, அந்தப் பெண்ணுக்குச் சாதகமான காரணம்.

இப்போ லண்டன் படத்துக்குத் திரும்புவோம். தாம்சன் மடோனா என்று பெயர் வைக்கவில்லை. 'தவழ்ந்து நகர்பவர்கள்' என்றுதான் வைத்தார். பிச்சை எடுக்கக்கூடத் தெம்பில்லாமல், டீக்குக் கொஞ்சம் வெந்நீர் வாங்கத் தவழ்ந்து போகிறவர்கள் என்பதால் வந்த பெயர். கூட இருக்கும் கட்டுரையைப் படித்தால் ஒரு விஷயம் தெரியவரும். படத்தில் இருக்கும் பெண் அந்தக் குழந்தையின் தாய் இல்லை. அவர் ஒரு தையல்காரரின் விதவை. குழந்தையின் தாய் பக்கத்தில் ஒரு காபிக் கடையில் வேலைக்குப் போயிருக்கிறார். அதுவரைக்கும் இவர் பார்த்துக்கொள்கிறார். கூலி, ஒரு கோப்பை டீயும் கொஞ்சம் ரொட்டியும். அதுவும் எல்லா நாளும் கிடைக்காது.

இந்த ஒரு தகவலால் படம் எவ்வளவு மாறுதுன்னு பாருங்க. மாதா என்று பார்த்தால் நமக்குக் கிடைப்பது ஒரு தாயின் அன்பு, கொஞ்சம் கண்ணீர், கொஞ்சம் புனிதம். கட்டுரையோடு பார்த்தால் கிடைப்பது இரண்டு ஏழைப் பெண்களுக்கு நடுவில் ஓர் ஏற்பாடு. ஒருத்தி வேலைக்குப் போக, இன்னொருத்தி பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. குழந்தை காப்பகம் இல்லாத ஊரில் படிக்கட்டே காப்பகம். கட்டட வேலைக்குப் போகிற அம்மாவின் கைக்குழந்தையைப் பக்கத்து வீட்டுப் பாட்டி பார்த்துக்கொள்வதை நம் ஊரில் பார்த்தவங்களுக்கு இது உடனே புரியும்.

தோற்றத்தில் ஒன்றுபோல இருக்கும் இந்த இரண்டு படங்களில், ஒன்றுக்கு மடோனா என்ற பெயர் மரியாதையைக் கொடுத்தது. மற்றொன்றுக்கு அதே பெயரை நாம ஒட்டினால் அந்த விதவையின் கதையே மறைந்துபோகும். புனிதம் என்று சொல்லிவிட்டால் பிறகு கூலி எவ்வளவு என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

வானம்

மூன்றாவது ஜோடி எனக்கு ரொம்பப் பிடித்தது.

1912 ஏப்ரல் 17. பாரிஸில் சூரிய கிரகணம். டைட்டானிக் மூழ்கி இரண்டே நாள் ஆகியிருந்தது. பாஸ்தீல் சதுக்கத்தில் ஒரு கூட்டம் நின்று, கண்ணில் ஏதோ ஒன்றை வைத்துக்கொண்டு, அண்ணாந்து பார்க்கிறது. அங்கே கேமராவோடு இருந்தவர் யூஜீன் அட்ஜே. முன்னாள் மாலுமி, முன்னாள் நாடக நடிகர். இடிந்து மறைந்துகொண்டிருந்த பழைய பாரிஸை வீதி வீதியாகப் படமெடுத்து, ஓவியர்களுக்கும் நூலகங்களுக்கும் விற்றுப் பிழைத்தவர். எல்லோரும் சூரியனைப் பார்த்துக்கொண்டிருக்க, அவர் கேமராவைச் சூரியனைப் பார்க்கிறவர்கள் பக்கம் திருப்பினார். படத்தில் கிரகணம் இல்லை. முகங்கள் மட்டும்தான்.

பதினான்கு வருஷம் கழித்து, 1926 ஜூனில், இந்தப் படம் சர்ரியலிஸ்ட் இயக்கத்தின் இதழில் அட்டைப்படமாக வந்தது. அட்ஜேயின் வீட்டுக்குப் பக்கத்தில் குடியிருந்த மேன் ரே என்ற அமெரிக்கக் கலைஞர் அவருடைய படங்களை வாங்கி வைத்திருந்தார். தன் பெயரைப் போட வேண்டாம், இவை வெறும் ஆவணங்கள் என்று அட்ஜே சொல்லிவிட்டார். பெயர் இல்லாமலே வந்தது. கூடவே ஒரு புதுத் தலைப்பும் வந்தது: 'கடைசி மதமாற்றங்கள்'.

பிரான்சில் அரசையும் திருச்சபையையும் பிரித்த சட்டம் 1905-ல் வந்தது. இருபது வருஷம் கழித்துப் பாரிஸ் எழுத்தாளர்கள் சிலர் திருச்சபைக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். ழான் காக்தோ 1925-ல் அப்படித் திரும்பியவர். சர்ரியலிஸ்டுகளோ திருச்சபையைக் கடுமையாக எதிர்த்தவர்கள். அந்தச் சூழலில் தலைப்பை வாசித்தால் கிண்டல் புரிகிறது: பாருங்க, எல்லோரும் வானத்தைப் பார்த்து மயங்கி நிற்கிறார்கள். 1912-ல் மத்தியான வேளையில் கிரகணம் பார்க்க வெளியே வந்த பாரிஸ்வாசிகள், இரண்டே சொல்லில் பக்தர்களாகிவிட்டார்கள். அவர்களை யாரும் கேட்கவில்லை.

இதற்குப் பக்கத்தில் வைக்க வேண்டிய படம் போர்ச்சுகலின் பாத்திமாவில் இருக்கிறது. அது தெரு இல்லை, வெட்டவெளி. ஆனா ஊர் ஊராகத் தெருக்கள் காலியாகி அங்கே வந்து நின்றன. 1917 மே மாதத்திலிருந்து ஒவ்வொரு மாதமும் 13-ஆம் தேதி மாதா தங்களுக்குக் காட்சி தருவதாக லூசியா, பிரான்சிஸ்கோ, ஜசிந்தா என்ற மூன்று சிறுபிள்ளைகள் சொன்னார்கள். அக்டோபர் 13 அன்று எல்லோரும் நம்பும்படி ஓர் அதிசயம் நடக்கும் என்றும் சொன்னார்கள். அன்று மழையில் பல்லாயிரக்கணக்கானவர்கள் கூடினார்கள். மழை விட்டதும் சூரியன் சுழன்றது, இறங்கி வந்தது என்று பலர் சாட்சி சொன்னார்கள். போர்ச்சுகலும் 1910-ல் குடியரசாகி, அடுத்த வருஷமே திருச்சபையை அரசிலிருந்து பிரித்த நாடு. அன்றைய படங்களை வெளியிட்டது திருச்சபைப் பத்திரிகை இல்லை. லிஸ்பனின் 'ஓ செக்குலோ' நாளிதழைச் சேர்ந்த வார இதழில் அக்டோபர் 29 அன்று வந்தன.

அந்தப் படங்களில் என்ன இருக்கு? குடைகள், நனைந்த உடைகள், நெற்றியில் கை வைத்து அண்ணாந்து பார்க்கும் முகங்கள். சுழலும் சூரியன் இல்லை. 1930-ல் லெய்ரியா ஆயர் அந்தக் காட்சிகள் நம்பத்தக்கவை என்று அறிவித்தார். பாத்திமா அன்னையின் பெயரில் தமிழ்நாட்டிலும் ஆலயங்கள் இருக்கு. ஆனா கேமரா காட்டியது பார்த்தவர்களை மட்டும்தான்.

இப்போ இரண்டையும் பக்கத்தில் வையுங்க. பெயர், தேதி எல்லாவற்றையும் மறைத்துவிடுங்க. எது வானியல், எது அதிசயம் என்று முகங்களை மட்டும் வைத்துச் சொல்ல முடியுமா? எனக்கு முடியவில்லை. இரண்டிலும் பார்க்கப்படும் பொருள் சட்டத்துக்கு வெளியே இருக்கு. இரண்டிலும் கண்ணை மறைக்கும் கை, ஒரே பக்கம் திரும்பிய தலைகள். வித்தியாசம் படத்தில் இல்லை, படத்தோடு வந்த தகவலில் இருக்கு. பாத்திமாவுக்கு வந்தவர்கள் நம்பிக்கையோடோ சந்தேகத்தோடோ, எப்படியும் மாதாவின் பெயரைக் கேட்டு வந்தவர்கள். பாஸ்தீலில் நின்றவர்கள் கிரகணம் பார்க்க வந்தவர்கள். அந்தத் தகவல் போய்விட்டால், தலைப்பு எழுதுகிறவர் கையில் எல்லாம் இருக்கு.

நான்கு கேள்விகள்

ஆக, மூன்று ஜோடிகளிலும் ஒரே மாதிரி சைகை இருந்தது. மதம் வந்து சேர்ந்த வழி மட்டும் ஒவ்வொன்றிலும் வேறு. ஷூ பாலிஷ் படத்தில் அது தெருவின் வரலாற்றில் இருந்தது, ஆனா கண் தேடிய இடத்தில் இல்லை. எல்லிஸ் தீவில் படம் எடுத்தவர் கொண்டுவந்தார். செயின்ட் ஜைல்ஸில் பார்க்கிற நாம கொண்டுபோகிறோம். பாஸ்தீலில் தலைப்புக் கொடுத்தவர்கள் ஒட்டினார்கள். பாத்திமாவில் மக்கள் அதற்காகவே வந்திருந்தார்கள்.

அதனால் பழைய படங்களைச் சேர்த்துப் பார்க்கும்போது நான் வரிசையாக நான்கு கேள்வி கேட்கிறேன். ஒன்று, படத்தில் இருப்பவர்கள் அன்றைக்கு அங்கே எதற்காக வந்தார்கள்? இரண்டு, எடுத்தவர் எதற்காக, யாருக்கு விற்க எடுத்தார்? மூன்று, இப்போது இருக்கும் தலைப்பை எப்போது, யார் வைத்தார்கள்? நான்கு, எனக்குத் தெரிகிற சாயல் என்னுடைய பழக்கத்திலிருந்து வருகிறதா? நான்குக்கும் பதில் கிடைத்த பிறகு இரண்டு படங்களும் இன்னும் ஒன்றையொன்று தொட்டால், அந்தத் தொடர்பு நம்பத்தக்கது.

நம் ஊர்ப் படங்களுக்கு ஐந்தாவதாக ஒரு கேள்வியும் தேவை: எது பதியாமல் போனது? லின்னேயஸ் டிரைப் 1858-ல் மதுரையைப் படமெடுத்தார். மதராஸ் அரசின் அதிகாரபூர்வப் புகைப்படக்காரர். மெழுகு பூசிய காகித நெகட்டிவ்களில், மீனாட்சி அம்மன் கோயில், திருமலை நாயக்கர் மகால், தெப்பக்குளம், கலெக்டர் பிளாக்பர்ன் நினைவாக நட்ட விளக்குத்தூண் எல்லாம் கல்லும் நிழலுமாகத் துல்லியமாக இருக்கு. ஜனங்கள்தான் அதிகம் இல்லை, டாகேரின் வீதி மாதிரியே. சாமி புறப்பாடு நடக்கும் வீதிகளுக்கு ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி என்று திருவிழா மாதங்களின் பெயரை வைத்திருக்கிற ஊர் அது. அந்த ஊரின் பக்தி நகர்ந்துகொண்டே இருந்தது, அதனால் பதியவில்லை. தூண் அசையாமல் நின்றதால் பதிந்தது. அந்தப் படங்களைப் பார்த்து மதுரைத் தெருக்கள் அமைதியாக இருந்தன என்று யாராவது எழுதினால் நம்ப வேண்டாம்.

உங்க வீட்டுப் பெட்டியிலும் இப்படிப் படங்கள் இருக்கும். பின்பக்கம் திருப்பிப் பாருங்க, பெயரும் வருஷமும் ஊரும் எழுதியிருக்கா என்று. இல்லையென்றால், தெரிந்த பெரியவங்க இருக்கும்போதே கேட்டு பென்சிலால் எழுதி வையுங்க. யார், எங்கே, எதற்காக நின்றார்கள் என்று ஒரு வரி போதும். நாளைக்கு வேறு யாரோ அந்தப் படத்துக்கு வேறு ஒரு தலைப்பு வைக்கும்போது, அந்த ஒரு வரி அவர்கள் பக்கம் நின்று பேசும்.